மேசைக்கு ஏறிய சஹன்

தில்லையடியில் நான் படிப்பித்த பாடசாலையின் களஞ்சிய அறை. ஒரு வியாழக்கிழமை நண்பகல் அதன் கதவைத் தள்ளியபோது, கடதாசிப் பெட்டிகளுக்கு நடுவே கதிரை போட்டு அமர்ந்து மீன் பணிஸ் சாப்பிட்டுக்கொண்டிருந்தார் எங்கள் உப அதிபர் டீச்சர். வியாழனில் விரும்பியவர்கள் பிடிக்கும் நோன்பைச் சாட்டி, காலையில்தான் எல்லோரிடமும் “இண்டைக்கு எனக்கு சுன்னத்து நோன்பு” என்று சொல்லியிருந்தார். அவரைப் பார்த்துச் சிரிக்க எனக்கும் யோக்கியதை இருக்கவில்லை. அதே பொய்யைச் சொல்லிவிட்டு, கைப்பையில் ஒரு பணிஸோடு ஒளிய இடம் தேடித்தான் நானும் வந்திருந்தேன்.

மண்டபத்தில், ஹஜ்ஜுக்குப் போய்வந்த ஓர் ஆசிரியரின் விருந்து. பாய் விரித்து, சஹன் என்னும் பெரிய தட்டில் சோறு வைத்து, ஆறு ஆறு பேராகச் சுற்றி உட்கார்ந்து கையால் சாப்பிடுவது எங்கள் வழக்கம். உப அதிபருக்கு ஐம்பத்தெட்டு வயது. முழங்கால் தேய்ந்ததால் கீழே உட்கார்ந்தால் எழும்ப முடியாது. எனக்கு இருபத்தொன்பது. முடக்குவாதத்தால் விரல்கள் வீங்கி, சோற்றைப் பிசைந்து அள்ள வராது.

நான் விரல்களைக் காட்டியதும் அவர் திகைத்துப்போனார். “வாதம் எங்கட வயசுக்குத்தானே புள்ள வாற?”

எனக்குக் கோபம் வந்துவிட்டது. “அது பேர்த் சேட்டிபிகேட் பாத்தா வாற டீச்சர்? கிளினிக்குல சின்னப் புள்ளைகளும் இரிக்கிறாங்க.”

அவரோ அதுவரை எண்ணெய் தேய்ப்பதோடு சரி; வயது போனால் இப்படித்தான் என்று டாக்டரிடமே போனதில்லை. அடுத்த கிழமை நானே பிடிவாதமாக ஆட்டோவில் ஏற்றிப் புத்தளம் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். தொடைக்குப் பலம் தரும் பயிற்சி சொல்லிக்கொடுத்தார்கள். அதன் பிறகு அவர் கொப்பி திருத்தும்போதெல்லாம் மேசைக்குக் கீழே கால் நீண்டு மடங்கும். நான் காலையில் வெந்நீரில் கையை வைத்தெடுத்து, மாத்திரையைத் தவறவிடாமல் போட்டேன். பிடிக்க முடியாமல் விட்டிருந்த வெண்கட்டி சில மாதங்களில் என் கைக்குத் திரும்பி வந்தது; கரும்பலகையில் மறுபடி எழுதினேன். அவர் இப்போது ஓய்வுபெற்று, காலையில் களப்போரம், அந்தக் கடல்நீரேரிக் கரையில், நடக்கிறார். என் நோய் என்னோடுதான் இருக்கிறது, ஆனால் அதன் சொற்படி நான் நடப்பதில்லை.

என்றாலும் நாங்கள் ஜெயித்த நாளென்று நான் சொல்வது என் தங்கையின் கல்யாண நாளைத்தான். பெண்ணின் தாத்தா, அதாவது மூத்த சகோதரி, மாப்பிள்ளையின் உம்மாவோடு முதல் சஹனில் இருக்க வேண்டும். எனக்குச் சோறு அள்ளுவது அப்போதும் சரியாக வரவில்லை. என் உம்மா பயந்துபோனார். “மாப்பிள்ள ஊட்டாக்கள் என்ன நினைப்பாங்க? வயித்துவலி எண்டு சொல்லிட்டு உள்ளுக்கு இரி.”

“பொய் நோன்பு பிடிச்சதே போதும் உம்மா. தங்கச்சிட கல்யாணத்துல நான் ஒளிய மாட்டன்” என்றேன்.

உப அதிபரையும் முதல் சஹனுக்கு அழைத்து, அவர் முழங்காலுக்காக ஒரு மேசையில் சஹனை வைத்து, ஆறு கதிரைகள் போட்டேன். என் இடத்தில் ஒரு கரண்டி. உப அதிபர் வாசலிலிருந்து யாரையும் பிடிக்காமல் நடந்து வந்து முதல் ஆளாக அமர்ந்தார். மாப்பிள்ளையின் உம்மா வந்தார். மேசையைப் பார்த்தார், கரண்டியைப் பார்த்தார். அவர் கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, கோழியைப் பிய்த்து, சஹனில் பக்கத்தில் இருப்பவருக்கு யாரும் செய்வதுபோல என் பக்கம் தள்ளி வைத்தார். பிறகு கல்யாணக் கதைதான் பேசினார். நான் கரண்டியை எடுத்து முதல் வாய்ச் சோற்றை அள்ளினேன்.

அகப்பையோடு சுற்றிக்கொண்டிருந்த உம்மா எங்களையே பார்த்தபடி நின்றார். பிறகு சுவரோரம் கிடந்த கதிரையொன்றைத் தானே இழுத்துக்கொண்டு வந்தார்.

“கொஞ்சம் தள்ளி இரி மகள்” என்றார். “நாலு வருசமா எனக்கும் முழங்கால் நோவு. சொல்ல வெக்கமா இருந்திச்சு.”

ஆறு பேரின் சஹனில் அன்று ஏழு பேர் சாப்பிட்டோம்.