திறக்காமல் உருக்கிய தாயத்து

நர்ஸ் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு வெள்ளி நகை செய்யக் கற்றுக்கொண்டேன். "கத்தரி பிடிச்ச கை குறடு பிடிக்குமா?" என்று தம்பி கிண்டலடித்தான். பிடித்தது. சேலத்தில் ஒரு கொலுசுப் பட்டறையில் உட்கார்ந்து தொழில் பழகிவிட்டு, பாதி வாழ்க்கை பிரசவம் பார்த்த கொல்லிமலைக்கே திரும்பி வந்தேன். புது வெள்ளி வாங்குவதில்லை. அறுந்த கொலுசு, நெளிந்த காப்பு, ஒற்றை மெட்டி என்று டப்பாவில் கிடப்பதை மலைச்சனங்கள் கொண்டுவருவார்கள். உருக்கி வேறு நகையாக்கித் தருவேன்.

போன மழைக்காலத்தில் மலையிலேயே அரியூர் நாட்டுப் பகுதியிலிருந்து, குச்சிக்கிழங்கு என்கிற மரவள்ளி போடும் ஒரு பெண் வந்தாள். மூன்று கரு கலைந்து, நான்காவதாக அவளுக்குத் தங்கிய ஒரே மகளை நான்தான் பிரசவம் பார்த்து எடுத்தேன். கழுத்தில் கொடி சுற்றிப் பிறந்த குழந்தை. அந்த மகளுக்கு இப்போது நிறைமாதம்.

"அவ சின்னதுல போட்டதெல்லாம் இதுல இருக்குதுங்க நர்சம்மா. உருக்கிப் பேரப்புள்ளைக்குக் காப்பு பண்ணிக் குடுங்க" என்று ஒரு துணி முடிச்சைக் கொடுத்துவிட்டுப் பஸ் பிடிக்க ஓடினாள்.

முடிச்சில் கொலுசு, அரைஞாண், அதில் கோத்த விரற்கடைத் தாயத்து. உள்ளே கூடாக இருக்கும் எதையும் வெட்டித் திறந்த பிறகுதான் உருக்கும் கிண்ணத்தில் போட வேண்டும். பட்டறையில் அடித்துச் சொன்ன விஷயம். அன்றைக்கு எனக்கு என்ன அவசரமோ, அப்படியே கொட்டித் தீயைக் காட்டினேன்.

பட்டென்று வெடித்தது. வெள்ளித் துளி ஒன்று சுவரில் போய் ஒட்டியது. அரக்கு வாடையோடு, முடி கருகுகிற வாடையும் வந்தது.

தொப்புள்கொடி! காய்ந்து விழுந்த கொடியைத் தாயத்துக்குள் வைத்து, அரக்கால் மூடி, குழந்தையின் இடுப்பில் கட்டுவார்கள். இது தெரியாத தாய் உண்டா? நர்ஸ்தான் உண்டா? அறுத்தவளே எரித்துவிட்டேன்.

மறுநாள் அவள் வந்ததும் மறைக்காமல் சொன்னேன். போதாததற்கு, "உள்ளே இருக்குதுன்னு ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?" என்று எரிந்தும் விழுந்தேன்.

"உங்களுக்குச் சொல்லோணுங்களா? கொடிய அறுத்ததே நீங்கதானுங்க." முகம் வெளிறி நின்றாள். "அன்னிக்குக் கொடியில சாம்பல் வெச்சதுக்கு அந்தப் பேச்சுப் பேசுனீங்க. புள்ளைக்கு ஒண்ணு ஆச்சுன்னா நீதான் பொறுப்புன்னீங்க. இப்ப எம் பொண்ணுக்கு ஒண்ணு ஆச்சுன்னா யாருங்க பொறுப்பு?"

வெள்ளியைத் தொடாமலே போய்விட்டாள்.

கொடி எரிந்தால் ஒன்றும் ஆகாது என்று எனக்குத் தெரியும். எத்தனை பேருக்கு வகுப்பே எடுத்திருக்கிறேன்! ஆனாலும் சோறு இறங்கவில்லை. போன் அடித்தால் எடுக்கப் பயம். ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டுக் கேட்கவும் பயம். என்மேல் எனக்கே வெறுப்பாக இருந்தது.

மூன்று வாரம் கழித்து வாசலில் வந்து நின்றாள். முகத்திலிருந்து ஒன்றும் தெரியவில்லை.

"பொம்பளப் புள்ள பொறந்திருக்குதுங்க. தாயும் புள்ளையும் சொகமா இருக்கறாங்க."

அப்படியே தரையில் உட்கார்ந்து அழுதேன். அவள் தேற்றவில்லை. மடியிலிருந்து ஒரு சின்னத் துணிப்பொட்டலத்தை எடுத்து என் முன்னால் வைத்தாள். பிரித்துப் பார்த்ததும் எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. பேத்தியின் கொடி.

"காப்பு அப்பறம் பாத்துக்கலாம். அந்த வெள்ளியிலயே ஒரு தாயத்துப் பண்ணுங்க."

"என்கிட்டயா குடுக்கறே?"

"தாயோடது வெந்த வெள்ளிங்க அது. புள்ளையோடது அதுக்குள்ளயே இருக்கட்டும்."

அன்றே செய்தேன். கொடியை உள்ளே வைத்து மூடி, அரக்கு வைத்தேன். அது ஆறி இறுகும்வரை, எதிரே உட்கார்ந்திருந்த அவள் என் கையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.