குவாரிக்கு இரண்டு மனு

குந்தாரப்பள்ளியைத் தாண்டியதும் பேருந்து பஞ்சராகி நிற்கிறது. சாலையோரம் மூடிக் கிடக்கும் ஒரு கிரானைட் குவாரி. குழியின் அடியில் குளம்போலத் தண்ணீர். கரையிலுள்ள மாந்தோப்போ காய்ந்து நிற்கிறது. எனக்குப் புரியவில்லை.

“கல்லு தீந்துபோச்சுங்களா?” என்று கரையில் நிற்கும் தோப்புக்காரர் முனிராஜிடம் கேட்கிறேன்.

“மலையே இருக்குதுங்க சார். உள்ள போகப்போக கல்லுல வெள்ளைக்கோடு வந்துருச்சு. கல்லு வாங்கற வெளிநாட்டுக்காரன் வேணாம்னுட்டான், பாதியில மூடிட்டாங்க. எங்க மனுவாலதான் மூடினாங்கன்னு ஊரே கெடா வெட்டுச்சு.”

“தோப்பு ஏன் காயுது?”

“அவங்க எறைச்சு வெளிய விட்ட தண்ணியிலதானுங்க அது பொழைச்சுது. அவ்வளவு ஆழத்துலருந்து இழுக்க என் மோட்டாருக்குத் தெம்பில்ல.”

சட்டைப் பையிலிருந்து இரண்டு தாள்களை எடுக்கிறார். வெடியால் வீடுகள் விரிசல் விடுகின்றன, குவாரியை மூடுங்கள் என்ற பழைய மனுவின் நகல் ஒன்று. திறக்கச் சொல்லும் புது மனு இன்னொன்று. இரண்டிலும் முதல் கையெழுத்து அவருடையது.

“ரெண்டும் நெசந்தானுங்க. ஆனா அதே கலெக்டர்கிட்ட எப்படிங்க சார் குடுக்கறது?”

ஹாரன் கேட்கிறது. ஓடிப்போய் ஏறிக்கொள்கிறேன். ஜன்னல் வழியே பார்த்தால், புது மனுவைப் பழையதற்கு அடியில் வைத்து மடிக்கிறார்.