கண்ணில் விழுந்த சுண்ணாம்பு

இலங்கை மலைநாட்டு எல்கடுவையில் தேயிலைத் தோட்டப் பள்ளிக்கூட வாத்தியாராக இருந்த காலத்தில், ரசாயனம் என்று எனக்குத் தெரிந்தது ஒரே ஒரு பாடம்தான். மஞ்சள் நீரில் சுண்ணாம்பைக் கலப்பேன்; சிவக்கும். அதில் எலுமிச்சையை, எங்கள் பேச்சில் தேசிக்காயை, பிழிவேன்; பழையபடி மஞ்சளாகும். "காரத்தை அமிலம் அடக்கும்" என்று சொல்லிவிட்டுப் பிள்ளைகள் வாயைப் பிளப்பதை ரசித்துக்கொண்டு நிற்பேன். அந்தப் பெருமைக்காகவே வருஷத்துக்கு நாலு தடவை அந்தப் பாடத்தை நடத்தினேன்.

ஒரு முறை வெள்ளைக்கார டாக்டர் தோட்டத்து வரிசை வீடுகளான லயங்களைப் பார்வையிட வருவதாகச் செய்தி வந்தது. எல்லாச் சுவருக்கும் வெள்ளையடிக்கச் சொன்னார்கள். லயத்தில் நாங்கள் குடியிருந்த ஒற்றை அறைக் காம்பராவுக்கு என் மனைவியே சுண்ணாம்பு நீற்றினாள். சுட்ட சுண்ணாம்புக் கல்லில் தண்ணீரை ஊற்றியதும் அது கொதித்துத் தெறித்து அவள் வலக்கண்ணில் விழுந்தது.

அலறல் கேட்டுப் பக்கத்துக் காம்பரா அக்கா தண்ணீர்க் குடத்தோடு ஓடிவந்தாள். நான் அதைப் பிடுங்கித் தள்ளி வைத்தேன்.

"ஊத்தாதீங்க! சுண்ணாம்புல தண்ணி பட்டா கொதிக்கும்னு தெரியாதா?"

"கண்ண கழுவணுமே வாத்தியாரே!"

"எனக்குத் தெரியும், நீங்க சும்மா இருங்க."

மடையன் நான். தேசிக்காயை வெட்டி, அவள் இமையைப் பிரித்துப் பிழிந்தேன். துடித்துப் போனாள். ஆனாலும் என் கையைத் தட்டிவிடவில்லை. படித்த புருஷன்மேல் அவ்வளவு நம்பிக்கை.

டிஸ்பென்சரிக்கு நடந்து போய்ச் சேர ஒரு மணி நேரமாயிற்று. அங்கே மருந்து கொடுக்கும் டிஸ்பென்சர் கண்ணை நெடுநேரம் கழுவிக் கட்டிவிட்டு, என்னை மட்டும் வெளியே அழைத்தார்.

"கொஞ்சத் தண்ணிதான் கொதிக்கும் வாத்தியாரே. குடம் குடமா ஊத்தியிருந்தா அப்பவே கழுவிக்கிட்டுப் போயிருக்கும். பார்வை பிழைச்சிருக்கும். கழுவும்போதே தேசிக்கா வாடை அடிச்சுது. பிழியச் சொன்னது யாரு?"

அவளைக் கைத்தாங்கலாகக் கூட்டிவர நான் உள்ளே நுழைந்தேன்.

அந்தக் கண் வெளுத்துப் பார்வை போயிற்று. அவளோ வருகிறவர்களிடமெல்லாம் இடக்கண்ணைத் தொட்டுக்காட்டிச் சொல்வாள்: "அவரு உடனே மருந்து பிழிஞ்சாங்க. இல்லாட்டி இதுவும் போயிருக்கும்." பக்கத்துக் காம்பரா அக்கா என் முகத்தைப் பார்ப்பாள். நான் எழுந்து உள்ளே போய்விடுவேன்.

உண்மையைச் சொல்ல வேண்டும் என்று எத்தனையோ முறை வாயெடுத்தேன். அந்த மரியாதையை இழக்க மனம் வரவில்லை. போன ஆவணியில் அவள் இறந்தாள். அதற்கு முந்தின நாள் பார்க்க வந்த ஒருத்தியிடமும் அதையே சொல்லிவிட்டு, "இல்லீங்களா?" என்று என்னைக் கேட்டாள்.

ஆமாம் என்று தலையாட்டினேன்.