மணலில் குறைந்த டெம்போ

1

ஒத்திகையில் பல்லக்குக்குள் அம்மன் இல்லை, அதனால் தப்பித்தோம். லைட்ஹவுஸ் குப்பத்தில் தெரு முடிந்து மணல் தொடங்கும் இடத்தில் பல்லக்கு ஒரு பக்கமாகச் சாய்ந்தது. தூக்கியவர்கள் எட்டுப் பேர். சாய்த்தது என் லேப்டாப்.

அம்மன் ஊர்வலத்துக்கு நான் அமைத்த இசை. அந்தக் குப்பத்துக் கலைஞர் செல்வி பம்பை மேளத்தை நேரில் வாசிப்பார். மற்ற ஒலிகள் லேப்டாப்பிலிருந்து ஸ்பீக்கர் வண்டிக்குப் போகும். இருபது வருடம் பிறர் மெட்டுகளுக்குக் கம்ப்யூட்டரில் ஒலி சேர்க்கும் புரோகிராமிங் செய்த எனக்கு, சொந்தமாக அமைத்த முதல் இசை அது. மீஞ்சூரில் என் அறையில் உட்கார்ந்து நிமிடத்துக்கு 108 அடி என்ற டெம்போவில், மாறாமல் தாளம் தட்டும் கிளிக் டிராக் போட்டு, அதை ஹெட்போன் வழியாக செல்வியின் காதுக்குக் கொடுத்திருந்தேன்.

முன்னால் தூக்கிய ஏழுமலை, செல்வியின் அப்பா, துண்டை உதறினார்.

"இன்னாய்யா அடி இது? நாய் தொரத்துற மாதிரி! மணல்ல காலு பொதையுது, உன் பொட்டி நிக்க மாட்டேங்குது."

"பொட்டிக்கு இன்னா தெரியும் நைனா? அது தூக்குதா, நடக்குதா?" என்றார் செல்வி.

ஊர்த் தலைவர் சிரிக்கவில்லை. "நாளைக்கும் இப்படின்னா வயரப் புடுங்கிடுவோம் சார். பம்பை மட்டும் போதும்."

2

செல்வி ஹெட்போனைக் கழற்றிக் கொடுத்தார்.

"இத்த மாட்டிக்கினு அவங்க காலப் பாக்க முடியலண்ணா."

"காலைப் பார்த்தா வாசிப்பீங்க?"

"வேற எத்தப் பாக்கறது?"

கிளிக் இல்லாமல் மறுபடி நடக்கச் சொல்லி அளந்தேன். தெருவில் 106. மணலில் 82. தோள் மாற்றும் இடத்தில் பம்பை முழுதாக நின்றது. எட்டுத் தோளும் அமர்ந்த பிறகே அடுத்த அடி விழுந்தது. இத்தனையையும் செல்வி அவர்களைப் பார்த்தபடி, பின்பக்கமாக நடந்துகொண்டே செய்தார். முப்பது டிராக்கை ஒரே நேரத்தில் கவனிப்பவன் என்று எனக்கு ஒரு பெருமை இருந்தது. அன்று அதைப் பற்றி யாரிடமும் பேசவில்லை.

மாலைக்குள் கிளிக் டிராக்கை அழித்தேன். பம்பையில் சின்ன மைக் ஒன்றை ஒட்டி, செல்வியின் ஒவ்வொரு அடியும் லேப்டாப்பில் அடுத்த ஒலியைத் திறக்கும்படி மாற்றினேன். அவர் நிறுத்தினால் அதுவும் நிற்கும்.

3

மறுநாள் அம்மனின் எடையும் சேர்ந்தது. மணலில் டெம்போ 79. ஸ்பீக்கரும் கூடவே இறங்கியது. தோள் மாற்றும் இடத்தில் செல்வியின் கை நின்றது. ஸ்பீக்கர் அடங்கி, அலைச் சத்தம் மட்டும் கேட்டது. என் கை தன்னாலேயே லேப்டாப்பை நோக்கிப் போனது, இழுத்துக்கொண்டேன். பிறகு ஓர் அடி. எல்லா ஒலியும் ஒன்றாக எழுந்தது. பல்லக்கு நேராக நகர்ந்தது.

"பொட்டி சொன்ன பேச்சு கேக்குதே! எங்க வூட்ல ஒருத்தரும் கேக்கறதில்ல" என்றார் ஏழுமலை, நடந்தபடியே. தலைவர் வயர் பக்கம் வரவேயில்லை.

இப்போது புதிய இசை தொடங்கும்போது நோட்டின் முதல் வரியில் டெம்போ எழுதுவதில்லை. யார், எந்தத் தரையில், என்ன சுமையோடு நடப்பார்கள் என்று கேட்டு எழுதுகிறேன்.