இறால் பண்ணை ஜீப்

எங்கள் வயல் வலங்கைமானிலிருந்து தள்ளி, ஆற்றங்கரையை ஒட்டி இருக்கிறது. தார்ச்சாலை முடிகிற இடத்திலிருந்து வாய்க்கால் கரைமேல் ஒரு மண்பாதை போகும். கோடையில் அதில் ஸ்கூட்டர் பறக்கும். ஐப்பசியில் நாலு மழை பெய்துவிட்டால் களிமண் குழைந்து முதலில் செருப்பைப் பிடித்துக்கொள்ளும், அப்புறம் காலையும் பிடித்துக்கொள்ளும். என் கணவர் குவைத்தில் இருந்த வருஷங்கள் முழுக்க அந்தப் பாதையில் போய் வந்தவள் நான்தான். ஸ்கூட்டரைத் தார்ச்சாலை முனையில் நிறுத்துவேன். உர மூட்டை தூக்க ஆள் பிடிப்பேன். அவர்கள் பின்னாலேயே புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு நடப்பேன். அதனால் ஒரு ஜீப் வாங்க வேண்டும் என்ற ஆசை இந்த வீட்டில் எனக்குத்தான் முதலில் வந்தது. கேட்கிறவர்கள் எல்லோரும் அது அவர் ஆசை என்றே நினைத்துக்கொள்கிறார்கள்.

அவர் அங்கே ஒரு கம்பெனிக்குப் பாலைவனத்தில் வண்டி ஓட்டியவர். நாலு சக்கரமும் சேர்ந்து இழுக்கும் பெரிய வண்டிகள், எல்லாம் புத்தம் புதியவை. ஊருக்கே திரும்பி வந்த பிறகு கொஞ்ச நாள் வீட்டில் சும்மா இருந்தார். சும்மா என்றால், ஓடிக்கொண்டிருந்த மிக்ஸியைக் கழற்றி மாட்டினார். நன்றாக இறைத்துக்கொண்டிருந்த பம்ப்செட்டையும் கழற்றி மாட்டினார். சாயங்காலமானால் வாசலில் நாற்காலியைப் போட்டுக்கொண்டு போகிற வருகிற வண்டிகளின் சத்தத்தைக் கேட்டு, எதில் என்ன கோளாறு என்று எனக்குச் சொல்வார். நான் சமையலறையிலிருந்து உம் கொட்டுவேன்.

இப்படிப்பட்டவர் ஜீப் என்றதும் துள்ளிக் குதிப்பார் என்று எதிர்பார்த்தேன். அவரோ ஒரேயடியாக மறுத்துவிட்டார். புதியது வாங்குகிற வசதி இல்லை, பழையதுதான் வாங்க முடியும் என்று இரண்டு பேருக்குமே தெரியும். பழைய ஜீப்பில் எதெது போகும் என்று அவர் மணிக்கணக்கில் பேசினார். கிளட்ச் போகும், ஸ்டீயரிங் ஆடும், முன்சக்கரத்துக்குப் போகிற கியர் தேய்ந்திருக்கும், அதற்குச் சாமான் தேடித் திருச்சிக்கும் மதுரைக்கும் அலைய வேண்டும் என்றார்.

"பழைய வண்டின்னா நாம அதை ஓட்டறது பாதி, அது நம்மள ஓட்டறது பாதி. நடவு அன்னைக்குக் காலையில பார்த்து நிக்கும். அப்ப நீ என்னைத்தான் திட்டுவ" என்றார்.

"இப்ப மட்டும் திட்டாமலா இருக்கேன்" என்றேன்.

மறுநாள் உரக்கடையில் யாரோ சொன்னார்கள் என்று அவரே ஒரு சேதி கொண்டுவந்தார். முத்துப்பேட்டைப் பக்கம் இறால் பண்ணை வைத்திருந்த ஒருவர் பண்ணையை விட்டுவிட்டார், ஜீப்பை விற்கப் போகிறார். சும்மா பார்த்துவிட்டு வரலாம், பார்ப்பதற்கு ஒன்றும் இல்லையே என்றார். பஸ் ஏறினோம்.

பண்ணைக்காரர் வயதானவர். வெள்ளைக் கைலி, தலையில் தொப்பி, முகத்தில் நல்ல சிரிப்பு. எங்களை உட்காரவைத்துத் தேநீரும் சமோசாவும் வரும்வரை வண்டிப் பேச்சையே எடுக்கவில்லை. மகன்கள் துபாயில் இருக்கிறார்கள், யாருக்கும் ஜீப் வேண்டாமாம். கொட்டகையில் நின்ற வண்டியைக் காட்டினார். ஒரு காலத்தில் பச்சை நிறமாக இருந்திருக்க வேண்டும். கதவுகளின் அடி ஓரமெல்லாம் உப்புக்காற்றில் அரித்து வடை மாதிரி பொரிந்திருந்தது.

என் கணவர் சட்டையைக் கழற்றி என்னிடம் கொடுத்துவிட்டு மல்லாந்து வண்டிக்கு அடியில் நுழைந்தார். ஸ்க்ரூ டிரைவரால் ஒவ்வொரு இடமாகத் தட்டும் சத்தம் மட்டும் கேட்டது. வெளியே வந்தபோது முதுகெல்லாம் மண். "சட்டகம் கெட்டியா இருக்கு, மேல் தகரம்தான் போச்சு" என்று எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி சொன்னார்.

"பாய், இதுல என்ன கோளாறு இருக்கு, உள்ளதைச் சொல்லிடுங்க" என்று கேட்டார்.

பெரியவர் ஒளிக்கவில்லை. டீசல் குழாயில் அடிக்கடி காற்று ஏறிக்கொள்ளும், ஹாரன் அதன் இஷ்டத்துக்கு அடிக்கும், ரிவர்ஸ் கியர் விழ நேரமாகும் என்றார். பிறகு, "உங்ககிட்ட பொய் சொல்ல மாட்டேன் தம்பி. இது நிக்கும். ஆனா சேத்துல நின்னதே இல்ல. நின்னா நல்ல ரோட்டுலதான் நிக்கும்" என்றார்.

அதை நிரூபிக்கவும் செய்தார். எங்களை ஏற்றிக்கொண்டு, காலி பண்ணைக் குட்டைகளுக்கு நடுவே முழங்கால் ஆழச் சேற்றில் வண்டியை இறக்கினார். நான் முன்கம்பியைப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடிக்கொண்டேன். நாலு சக்கரத்தையும் சேர்த்து இழுக்கவைக்கும் இரண்டாவது கியர்க் கம்பியைப் பின்னால் இழுத்தார். வண்டி ஒரு உறுமு உறுமிவிட்டு, எருமை குளத்திலிருந்து ஏறுகிற மாதிரி நிதானமாகக் கரை ஏறியது. கண்ணைத் திறந்து என் கணவரைப் பார்த்தேன். வாங்கியாகிவிட்டது என்று அந்த முகத்திலேயே தெரிந்தது.

பேச்சை முடித்து வண்டியை வீட்டுக்கு ஓட்டிக்கொண்டு வந்த அன்று, திருத்துறைப்பூண்டி தாண்டுகிறவரை ராஜமரியாதை. அதற்கப்புறம் என் காலடியில் இருந்த தகரம் மெல்ல வாயைத் திறந்தது. வலது கால் செருப்பு அதன் வழியாக விழுந்து சாலையோடு போய்விட்டது. நிறுத்தச் சொன்னேன். நிறுத்தினால் மறுபடி கிளம்புமோ என்னவோ, செருப்பு வேறு வாங்கிக்கொள்ளலாம் என்றார். மன்னார்குடிக்குக் கொஞ்சம் முன்னால் வண்டி தானாகவே நின்றது. நல்ல ரோடுதான். பெரியவர் சொன்னது சொன்னபடியே நடந்தது.

எதிரில் ஒரு டீக்கடை. நான் ஒற்றைச் செருப்போடு பெஞ்சில் உட்கார்ந்தேன். அவர் முன்மூடியைத் திறந்து, டீசல் குழாயின் மரையைத் தளர்த்தி, சின்னப் பம்ப்பைக் கையால் அழுத்தி அழுத்திக் காற்றை வெளியேற்றினார். டீசல் நுரை நுரையாக வந்தது. சாலையில் போனவர்கள் நின்று யோசனை சொன்னார்கள். எனக்குள் பயம்தான். வாங்கியிருக்கக் கூடாதோ, இவர் சொன்னதைக் கேட்டிருக்க வேண்டுமோ என்று ஓடியது. அப்போதுதான் ஒரு சத்தம் கேட்டது. அவர் விசிலடித்துக்கொண்டிருந்தார். கல்யாணமான புதிதில், குளித்துவிட்டு வரும்போது அப்படி அடிப்பார். அவர் குவைத்திலிருந்து வந்த பிறகு அன்றுவரை நான் அதைக் கேட்டதில்லை. இன்னொரு டீ சொல்லிவிட்டு நிதானமாகக் குடித்தேன்.

அந்த ஆவணியிலேயே ஓட்டக் கற்றுக்கொண்டேன். அறுவடை முடிந்து காய்ந்து கிடந்த வயலில்தான் பாடம். அவர் பக்கத்தில் உட்கார்ந்து கத்தவில்லை என்பதை இங்கே பதிவு செய்ய வேண்டும். கத்தியது நான். ஸ்டீயரிங் திருப்பத் தோள் வலிக்கும், கிளட்ச் மிதிக்க இடுப்பு வலிக்கும். ஆனால் அதில் ஏறி உட்கார்ந்தால் இரண்டு பக்கமும் பயிரெல்லாம் என் முழங்காலுக்குக் கீழே தெரியும். அந்த உயரம் எனக்குப் பிடித்துப்போயிற்று.

அவர் பயந்தபடியும் நடந்தது. சம்பா நடவு அன்று நாற்று முடிச்சுகளை ஏற்றி வைத்திருந்தோம். வண்டி அசையவில்லை. வயலில் பெண்கள் இடுப்பில் கைவைத்துக் காத்திருந்தார்கள். கடைசியில் ஆள் விட்டுத் தலைச்சுமையாகத்தான் நாற்று போனது. நடவுப் பெண்களில் மூத்தவள், "அக்கா, வண்டியையும் நாத்தோட சேத்து ஒரு ஓரமா நட்டு வைங்க, அடுத்த போகத்துக்குக் கிளம்பும்" என்றாள். வரப்பு முழுக்கச் சிரிப்பு. எனக்கும் சிரிப்புதான் வந்தது. ஆனால் வீட்டுக்கு வந்து அவரைத் திட்டினேன். அவர் முன்பே சொல்லி வைத்ததாயிற்றே, சிரித்துக்கொண்டே வாங்கிக்கொண்டார்.

என் கொழுந்தனார் கும்பகோணத்தில் இருக்கிறார். அந்த வருஷம்தான் புதுக் கார் வாங்கியிருந்தார். ஏறி உட்கார்ந்து கதவைச் சாத்தினால் வெளிச்சத்தம் எதுவும் கேட்காத கார். வரும்போதெல்லாம் எங்கள் வண்டியை ஒரு சுற்று சுற்றி வந்து, "அண்ணி, பழைய இரும்புக்காரன் தெருவுல போனா சொல்லி அனுப்பவா?" என்பார். நல்ல மனுஷர்தான். கேலி செய்யாமல் அவரால் இருக்க முடியாது.

கார்த்திகையில் எங்கள் பக்கத்து வீட்டுப் பெண்ணுக்குக் கல்யாணம். ஊருக்குள் வருகிற பாலத்தை இடித்துப்போட்டு வேலை நடந்துகொண்டிருந்ததால் வண்டிகள் எல்லாம் வாய்க்கால் கரைப் பாதையில்தான் சுற்றி வர வேண்டும். மாப்பிள்ளை அழைப்புக்கு என் கொழுந்தனாரின் காரைக் கேட்டிருந்தார்கள். அதற்கு ரோஜாப்பூச் சரமெல்லாம் கட்டி ஜோடித்தார்கள். எங்கள் ஜீப்புக்கு நாதஸ்வரக்காரரையும் தவில்காரரையும் ஏற்றிக்கொண்டு முன்னால் போகிற வேலை. மத்தியானம் ஒரு மழை கொட்டி ஓய்ந்திருந்தது. நான் ஓட்டினேன். அவர் பக்கத்தில் இருந்தார். பின்னால் கார், அதில் கோட்டு சூட்டோடு மாப்பிள்ளை.

பாதி வழியில் பின்னால் விளக்கு மின்னி மின்னி அணைந்தது. திரும்பிப் பார்த்தால், கார் ஒரு பக்கமாகச் சரிந்து பின்சக்கரங்கள் களிமண்ணுக்குள் போய்விட்டிருந்தன. கொழுந்தனார் வேகத்தைக் கூட்டக் கூட்டச் சேறு வாரியடித்து ரோஜாச் சரமெல்லாம் பழுப்பானது. ஓர் அடி நகரவில்லை. இன்னும் கொஞ்சம் சரிந்தால் வாய்க்கால்.

என் கணவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கினார். ஜீப்பைப் பின்னால் எடுக்கச் சொன்னார். ரிவர்ஸ் விழவில்லை. மறுபடி போட்டேன், விழவில்லை. தவில்காரர் பின்னாலிருந்து, "பொறுமையாப் போடுங்கம்மா" என்றார். விழுந்தது. வடக்கயிற்றை இரண்டு வண்டிக்கும் கட்டிவிட்டு அவர் கையை உயர்த்தினார். நான் இரண்டாவது கம்பியைப் பின்னால் இழுத்து, காலை மெல்ல எடுத்தேன். கயிறு முறுக்கிக்கொண்டு விறைத்தது. ஒரு கணம் எதுவும் நடக்கவில்லை. நாலு சக்கரமும் மண்ணைக் கவ்வுவது என் முதுகெலும்பில் தெரிந்தது. பிறகு ஜீப் முன்னால் நகர, கார் குழந்தையைப் போல் பின்னாலேயே வந்தது.

கெட்டித் தரைக்கு வந்ததும் கொழுந்தனார் இறங்கினார். முகம் வெளுத்திருந்தது. இனி இந்தப் பாதையில் காரை எடுக்க மாட்டேன், இங்கேயே களத்தில் நிறுத்திவிடுகிறேன் என்றார். அப்புறம் என்னிடம் வந்து, "அண்ணி, மாப்பிள்ளையை நீங்களே ஏத்திக்குங்க. எனக்கும் ஒரு ஓரத்துல இடம் இருந்தா..." என்றார். இடம் இருந்தது. தவிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார்.

என் கணவர் பின்னால் தொற்றிக்கொள்ள, மாப்பிள்ளை என் பக்கத்தில். புதுத் தகரம் அடித்திருந்தாலும், பழைய அனுபவத்தில் காலைப் பார்த்து வைத்துக்கொள்ளச் சொன்னேன். தெருமுனையில் திரும்பும்போது கூட்டத்தை விலக்க ஹாரனை அழுத்தினேன். பொத்தான் அழுத்தியபடியே சிக்கிக்கொண்டது. கையை எடுத்தும் ஓயவில்லை. நாதஸ்வரக்காரர் சளைக்கவில்லை, ஹாரனுக்கு மேலே போய் வாசித்தார். மண்டபத்து வாசல்வரை அந்த இரண்டும்தான் மாப்பிள்ளையை அழைத்துவந்தன. என் கணவர் குதித்திறங்கி ஒயரைப் பிடுங்கினார். ஹாரனோடு எஞ்சினும் நின்றது. சரியாக மண்டப வாசலுக்கு நேராக.

பிறகு அது கிளம்பவே இல்லை. தள்ளலாம் என்றால் கல்யாண அவசரத்தில் யார் தள்ளுவது. மறுநாள் பெண்ணின் அப்பாவே இரண்டு வாழைமரங்களைக் கொண்டுவந்து ஜீப்பின் முன்கம்பியில் கட்டிவிட்டார். ஆல்பத்தில் பாதிப் படங்களில் மணமக்களுக்குப் பின்னால் சேறு காய்ந்த எங்கள் வண்டி நிற்கிறது. பந்தி எல்லாம் முடிந்து எல்லோரும் கிளம்பிய பிறகு, என் கணவர் வெற்றிலையை மென்றுகொண்டே சாவியைத் திருப்பினார். எதுவும் நடக்காதது மாதிரி ஓடியது.

பழைய ஜீப் வாங்கலாமா என்று இப்போது என்னிடம் கேட்கிறார்கள். காலையில் குறித்த நேரத்துக்குப் போய்ச் சேர வேண்டிய வேலையில் இருப்பவர்களுக்கு வேண்டாம் என்றுதான் சொல்கிறேன். போகிற வழி சேறாக இருந்து, வண்டிக்கடியில் படுத்துக்கிடப்பதில் சந்தோஷப்படுகிற ஒருவர் வீட்டில் இருந்தால் வாங்குங்கள். இந்த இரண்டில் ஒன்று மட்டும் இருந்தால் நன்றாக யோசியுங்கள். கவலை தீராது. ஆனால் கவலைக்குப் பழகிவிடலாம், நாங்கள் பழகிவிட்டோம்.

போன வாரம் அறுப்பு முடிந்த வயல்கள் வழியாக நான் மட்டும் ஓட்டிக்கொண்டு வந்தேன். கரையில் வாத்துக்கூட்டம் ஒன்று வழிமறித்தது. நெல் சிந்திக் கிடக்கும் வயல்களில் மேய்க்க வெளியூரிலிருந்து ஓட்டிக்கொண்டு வருவார்கள். நான் எஞ்சினை அணைக்காமல் காத்திருந்தேன். மேய்ப்பவர் கைகாட்டி, "கொஞ்சம் ஆஃப் பண்ணுங்கக்கா, வாத்து மிரளுது" என்றார். அணைத்தேன். வாத்துகள் அவசரமே இல்லாமல், ஒன்றையொன்று விசாரித்துக்கொண்டு கடந்து போயின. சாவியைத் திருப்பினேன். கிளம்பவில்லை.

வாத்து மேய்ப்பவர் கோலைக் கீழே போட்டுவிட்டு, கூட இருந்தவரையும் கூப்பிட்டுப் பின்னால் போய் நின்றார். கரை அங்கே கொஞ்சம் சரிவு. இரண்டு பேரும் மூச்சைப் பிடித்துத் தள்ளினார்கள். ஜீப் உருண்டு, குலுங்கி, கறுப்புப் புகை கக்கி, பெரிய சத்தத்தோடு உயிர்பெற்றது. வாத்துகள் மொத்தமும் மிரண்டு பக்கத்து வயலுக்குள் இறைந்து ஓடின. இரண்டு பேரும் கோலை எடுத்துக்கொண்டு பின்னாலேயே ஓடினார்கள். நிறுத்தி ஒரு வார்த்தை சொல்லலாம் என்றால் நிறுத்த முடியாதே. கையை மட்டும் வெளியே நீட்டிக் கும்பிடு போட்டுவிட்டு வந்துவிட்டேன்.