சோப்பு தீர்ந்ததால் பிழைத்த தோல்

என் தோலைப் புண்ணாக்கியது நீங்கள்தான், பெரியத்தான். இப்போது போர்ட் பிளேரின் லம்பா லைனில் யார் வீட்டு விருந்தானாலும், தம்பி பெண்டாட்டியின் சொறியை நான்தான் குணமாக்கினேன் என்று மார்தட்டுகிறீர்கள். நடந்ததை எழுதிவிடுகிறேன்.

அறுபதுகளில், கல்யாணமான கையோடு அந்தமானின் லாங் ஐலண்டுக்கு வந்தேன். என் கணவருக்கு மர டிப்போவில் வேலை. அவருடைய அண்ணனான உங்களுக்கு அடுத்த குவார்ட்டர்ஸ். வந்த வாரமே கடற்கரைப் பொடிப்பூச்சிகள் என் கைகால்களை மேய்ந்துவிட்டன. ஒரே தடிப்பு, அரிப்பு. பார்த்ததும் அழுக்கு என்று முடிவு கட்டினீர்கள். துணி சோப்பைப் போட்டுத் தேங்காய் நாரால் காலையும் மாலையும் தேய்க்க உத்தரவு. தேய்த்தேன். தோல் வழன்று நீர் வடிந்தது. இன்னும் அழுத்தித் தேய்க்கச் சொன்னீர்கள். அதற்கும் ஆறாததால், இது ஏதோ பெரிய வியாதி, அடுத்த கப்பலில் இவளை மெயின்லேண்டுக்கே அனுப்பிவிடு என்று தம்பியிடம் சொன்னீர்கள். அவரும் தலையாட்டினார். எனக்கோ அந்தத் தீவு பிடித்துப்போயிருந்தது. அவரையும்தான்.

கடல் சரியில்லை, கப்பல் வரவில்லை. கடையில் சோப்பு தீர்ந்தது, உங்கள் வீட்டிலும் தீர்ந்தது. வெறும் தண்ணீரில் குளித்தேன். மெல்ல மெல்லப் பொருக்கு உதிர்ந்து, அடியில் புதுத் தோல் வந்தது. தீவே வியர்வையில் நாறியபோது நான் மட்டும் மினுமினுத்தேன்.

ஒரு வழியாகக் கப்பல் வந்ததும், அனுப்புவதற்கு முன் காட்டிவிடலாம் என்று போர்ட் பிளேர் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போனீர்கள். டாக்டரம்மா என் கையைத் திருப்பிப் பார்த்துவிட்டு உங்களிடம் கேட்டார்: "பீமாரி கஹாங் ஹை, பாய் சாப்?" வியாதி எங்கே என்றதும் நீங்கள் என் முழங்கை மடிப்பில் தேடினீர்கள்.

மேல்தோல் ஒரு மதில் என்றார் அவர். செத்த அணுக்கள் செங்கல், எண்ணெய்ப் பசை காரை. மேலே உதிர உதிர அடியிலிருந்து புதிது ஏறி வரும். மதிலைத் தேய்த்து உடைத்தால் கிருமி நுழையும், உள்ளே காவல் இருக்கும் அணுக்கள் சண்டைக்குக் கிளம்பும், அதுதான் வீக்கமும் அரிப்பும். சும்மா விட்டால் தானே கட்டிக்கொள்ளும்.

"அப்ப நான் போக வேண்டாமே, பெரியத்தான்?" என்றேன்.

"சோப்பு இப்பத்தான் உள்ள எறங்கி வேலை செஞ்சிருக்கு," என்றீர்கள்.

கூட வந்திருந்த என் கணவர் அன்றுதான் உங்களை முதன்முதலாக மறுத்துப் பேசினார். "டிக்கெட் வேணாம்ணே."

வருகிற பொங்கல் விருந்துக்கு அத்தனை பேரும் வருவார்கள். இலை போடுவதற்கு முன் எழுந்து நின்று பதில் சொல்லுங்கள்: என் தோல் ஆறியது தேய்த்தபோதா, தேய்ப்பது நின்ற பிறகா?