பால்மாவின் விலை

ஹந்தானைத் தேயிலைத் தோட்டத்து லய வரிசையில் பக்கத்து வீட்டு அண்ணனும் அக்காவும், காய்ச்சலில் படுத்திருந்த அவர்கள் மகளும் இருந்தார்கள். எங்கள் சபைப் போதகர் வரவில்லை; நான் மட்டும்தான் போயிருந்தேன். பிள்ளைக்காக ஜெபிக்கலாமா என்று கேட்டுக்கொண்டே அவளுக்குக் கரைத்துக் கொடுக்க வாங்கிய பால்மாப் பெட்டியை நீட்டினேன்.

அண்ணன் அதைத் தொடவில்லை. "படிச்ச புள்ளன்னு உள்ள விட்டேன். ஒன்ன அனுப்பி ஆழம் பாக்குறாரா ஒங்க பாஸ்டர்? ஆள் சேத்தா தலைக்கு எம்புட்டு குடுக்குறாங்க?"

"நானே வாங்குனதுண்ணே."

"பால்மாவுக்கு வேதத்துல சேந்துட்டான்னு நாளைக்கு லயமே சிரிக்கும்."

அக்கா மகளின் நெற்றியைத் தொட்டுப் பார்த்தார். "ஜெபம் பண்ணட்டுங்க. பால்மாவுக்குக் காசு குடுத்துருவோம்."

காசு வேண்டாம் என்றேன்.

"அப்ப எந்திரிச்சுப் போ," என்றார் அண்ணன்.

காசை வாங்கிக்கொண்டுதான் ஜெபித்தேன். ஆமென் சொல்லிக் கண் திறந்தபோதும் அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்தப் பெட்டிக்கு அவர்கள் கொடுத்தது கிட்டத்தட்ட கொழுந்து பறிக்கும் ஒருநாள் சம்பளம்: ஆயிரத்து நூறு ரூபாய்.